பரப்புதலும் பதிதலும்: ஒரு சொல்லின் பொருளும் தீவக வழக்காறுகளும்

ஈழத்துத் தமிழ் இலக்கிய விமர்சனத்தில் ஒரு படைப்பைத் தள்ளிவைப்பதற்கு மிக எளிதாகப் பயன்பட்டு வந்த சொற்களில் ஒன்று ‘பிரசாரம்’ என்பதாகும். இது கலையன்று, பிரசாரம் என்று ஒருமுறை கூறிவிட்டால் அதன்பின் அந்நூலைப் படித்துப் பார்க்கவேண்டிய தேவையும் இல்லாமற் போய்விடும். அவ்வாறு தள்ளப்பட்டோர் அளித்த விடையும் எளிதானதே. எல்லா இலக்கியமும் ஏதோவொரு வகையிற் பிரசாரமே என்று அவர்கள் கூறினர். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய 1954 ஆம் ஆண்டை அடுத்து வந்த இரு தசாப்தங்களிலே இவ்வாதம் பலமுறை நடந்துள்ளது. ஆயினும், வாதிட்ட இரு சாராரும் அச்சொல்லின் பொருள் தமக்கு நன்கு தெரியும் என்ற துணிபுடனேயே வாதிட்டனர். கருத்தொன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குச் செல்லும்போது உண்மையில் நிகழ்வது யாது என்ற வினா எழுப்பப்படவேயில்லை.

அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தை, சிறப்பாக ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு ஆகிய இடங்களை, ஆதாரமாகக் கொண்டுள்ளோம். பௌத்தம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறித்தவம், சைவ மறுமலர்ச்சி, தமிழியல், சாதியொழிப்பு ஆகிய அனைத்தும் இச்சிறு நிலப்பகுதியிலே ‘பரப்ப’ப்பட்டுள்ளன. எனவே இச்சொல்லைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தீவகம் தக்கதொரு களமாகும்.

1. இரு சொற்குடும்பங்கள்

தீவகத்தார்க்குப் பரப்பு என்பது முதலிலே நிலம். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். காணி உறுதிகளிலும் சீதனப் பேச்சுகளிலும் வழங்கும் சொல் அது. தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பகுதி பரவைக்கடல் எனப்படும். குடித்தொகை எங்கெங்கே எவ்வாறு அமைந்துள்ளது என்பதைப் பாடநூல்கள் சனத்தொகைப் பரம்பல் என்கின்றன. பரவுதல் என்பதற்கு விரிதல் என்பதோடு போற்றுதல், வழிபடுதல் என்னும் பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. இவை யாவும் அகலத்தைச் சுட்டுவன. பரந்த ஒன்று எவ்வளவு இடத்தைக் கொண்டது என்பதை இவை கூறுமேயன்றி, எவ்வளவு ஆழத்திற்குச் சென்றது என்பதைக் கூறமாட்டா.

தமிழில் இதற்கு அயலே இன்னொரு குடும்பம் உண்டு. பதிதல், பதித்தல், பதிவு, பதிப்பு, பதியம் என்பன அதன் உறுப்புகள். மண்ணிலே ஊன்றுவது பதியம். தாளிலே ஊன்றுவது பதிப்பு. வாழும் ஊரும் பதியே. தோட்டக்காரன் பதிவைக்கும் முறையை இங்கு நினைவுகூர்வது பயன்தரும். தாய்ச்செடியின் கிளையொன்றை வளைத்து, அதன் பட்டையைச் சிறிது நீக்கி, அவ்விடத்தை மண்ணால் மூடுவான். கிளை தாயின் சாற்றையுண்டே வாழும். மண்ணுள் வேர்விட்ட பின்னரே அது வெட்டி எடுக்கப்படும். வேர்விடுமுன் வெட்டினாற் கிளை பட்டுப்போகும்.

ஐரோப்பிய மொழிகளிற் பிரசாரத்தைக் குறிக்கும் சொல்லின் மூலமும் இத்தோட்டத்திலேயே உள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. ‘புரொப்பகாரே’ என்னும் இலத்தீன் வினை முந்திரிகைக் கொடியைப் பதிவைத்துப் பெருக்குவதைக் குறித்தது. அதன் அடி ஊன்றுதல் என்னும் பொருளுடையது. 1622 ஆம் ஆண்டிற் பாப்பரசர் 15 ஆம் கிரகரி விசுவாசத்தைப் பரப்புவதற்கென உரோமையிலே ஒரு பேராயத்தை நிறுவியபோது அத்தோட்டச் சொல் நிறுவனத்தின் பெயராயிற்று. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது 1619 இல். சொல்லின் புதுவாழ்வும் தீவகத்தின் காலனித்துவ வாழ்வும் ஏறக்குறைய ஒரே காலத்திலே தொடங்கின. 1701 இல் இலண்டனிலே சுவிசேஷத்தை வெளிநாடுகளிற் பரப்புவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. முதலாம் உலகப் போரின் பின்னர் அச்சொல் பொய்யுரை என்ற நிழலையும் பெற்றது. 1967 இல் உரோமைப் பேராயமே தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஊன்றுதலிலே பிறந்த சொல் அகலித்தலாகிப் பின்னர் ஏய்த்தலாகவும் இழிந்தமை அதன் வரலாறு.

‘பிரசாரம்’ என்ற வடசொல்லுக்கோ தோட்டத்தோடு தொடர்பில்லை. முன்னோக்கிச் செல்லுதல், உலவுதல் என்பதே அதன் அடிப்பொருள். சென்னையில் 1918 இல் தோன்றிய இந்திப் பிரசார சபையின் பெயரில் அது பெருமைக்குரிய சொல்லாய் நின்றது. அதே சபையின் மொழி 1938 இலிருந்து பள்ளிகளிற் புகுத்தப்பட்டபோது அதனை எதிர்த்தோரும் தம் செயலைப் பிரசாரம் என்றே அழைத்தனர். செல்லுதல் எல்லாருக்கும் பொது. ஊன்றுதல் பற்றி அச்சொல்லுக்குக் கவலையில்லை.

2. காத்தல் என்னும் பெயரிற் பரப்பல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற் சமய நிறுவனங்கள் தமக்கும் தம் ஏடுகளுக்கும் இட்ட பெயர்களை வரிசைப்படுத்தி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அமெரிக்க மிஷன் 1841 இல் வெளியிட்டது ‘உதயதாரகை’. கத்தோலிக்கர் 1876 இல் தொடங்கியது ‘சத்தியவேத பாதுகாவலன்’. சைவர் 1888 இல் அமைத்தது சைவ பரிபாலன சபை. அதன் ஏடு 1889 இல் வந்த ‘இந்து சாதனம்’. 1923 இற் சைவப் பாடசாலைகளை நடத்த எழுந்தது சைவ வித்தியா விருத்திச் சங்கம். ஒளி, காவல், பரிபாலனம், சாதனம், விருத்தி என்பன காணப்படுகின்றன. பரப்பல் என்ற சொல்லைக் காணோம்.

இது தற்செயலன்று. தான் செய்வதைக் காத்தல் என்றும் மற்றவன் செய்வதைப் பரப்பல் என்றும் கூறுவது போராட்டக் காலத்து மொழியியல்பு. ஆனால் முறைகளைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தொடங்கிய பிரசங்கம், அவர் மிஷன் சூழலில் அருகிருந்து கண்ட வடிவத்தைச் சைவத்தின் தேவைக்கு ஆக்கிக்கொண்டதே. பள்ளி, அச்சகம், துண்டுப்பிரசுரம், வினாவிடை ஆகியன எதிரியின் கையிலிருந்து பெற்றவையே. மிஷனரிமார் பரப்ப விரும்பியது அவர்தம் சமயம். யாழ்ப்பாணத்திற் பதிந்ததோ அவர்கள் கொணர்ந்த அச்சும் உரைநடையும் பள்ளியுமாகும். பரப்புவோனின் நோக்கமும் பதியும் பொருளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும் முதல் உண்மை.

தீவுகளின் பெயர்களிலும் இதனைக் காணலாம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். தேசப்படங்களில் அவை பரந்தன. இன்று ஆங்கில வழக்கில் நிலைத்திருப்பது டெல்ஃப்ற் ஒன்றே. ஊரவரோ நெடுந்தீவு என்றே கூறுவர். அதே நெடுந்தீவிலே ஆபிரிக்காவுக்குரிய பருத்த மரமொன்று நிற்கின்றது. அராபிய வணிகரால் இவ்வினம் இப்பக்கம் வந்ததென்பர். மக்கள் அதற்குப் பெருக்குமரம் என்று தமிழ்ப்பெயரும் இட்டுத் தமதாக்கிக்கொண்டனர். ஆட்சியதிகாரத்தோடு வந்த பெயர் ஏட்டில் மட்டும் வாழ, வணிகரோடு வந்த மரம் மண்ணிலே வேரூன்றியது.

3. நயினாதீவுக் கல்லும் மணிமேகலையும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவினது (1153–1186). கா. இந்திரபாலா 1963 இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும், வாணிபச் சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி என்பதும் அதன் செய்தி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை என்பர். பொலன்னறுவையில் இருந்தாண்ட சிங்கள மன்னனின் ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டமை, கேட்போர் யார் என்பதைப் பேசுவோன் அறிந்திருந்தான் என்பதையே காட்டுகின்றது. கல்லிலும் செம்பிலும் பதிக்கப்பட்ட இவ்வாணை அக்காலத்தில் அரசு தன் கொள்கையைப் பரப்பிய முறைக்குச் சான்றாகும். அதனைப் பதியச் செய்தது வெறும் சொல்லன்று. கலமுடைந்தவனின் கையில் முக்காற்பங்கை விட்டுவைக்கும் உறுதிமொழியே அதனைப் பதியச் செய்தது எனலாம்.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்ளும் கருத்து அறிஞர் பலரிடம் உண்டு, மறுப்போரும் உளர். அது எவ்வாறாயினும், பௌத்தத்தைப் பரப்பும் நோக்கத்தை வெளிப்படையாகவே கொண்ட அந்நூல் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பிரசார இலக்கியம் என்று ஒரு வகை உண்டாயின் தமிழில் அதன் முன்னோடி மணிமேகலையே. ஆயினும் காப்பியம் முழுவதும் ஒரே தரத்ததன்று. சமயக்கணக்கர் தம் கோட்பாடுகளை ஒருவர்பின் ஒருவராய் எடுத்துரைக்கும் காதையும், அளவை நூலின் நுட்பங்கள் அடுக்கப்படும் காதையும் தத்துவ வரலாற்றாளருக்குக் களஞ்சியங்கள். கவிதை என்ற அளவில் அவை பரப்புக் கூடியவை, ஆழம் குறைந்தவை. ஆனால் அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை யானைத்தீ நோயால் வருந்தும் காயசண்டிகையின் பசியைத் தீர்க்குமிடமும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுமிடமும் இன்றும் நெஞ்சை விட்டு நீங்காதன. இரண்டிடத்தும் கூறப்படுவது ஒரே தருமந்தான். முன்னையதிற் கோட்பாடு சொல்லப்படுகின்றது. பின்னையதில் அது ஒருவரின் பசியோடும் ஒரு சிறையின் கதவோடும் தொடுக்கப்படுகின்றது. எனவே ஓர் இலக்கியம் பிரசாரமா அன்றா என்பது பிழையான வினாவாகும். அதன் கருத்து வாழ்வின் எப்பகுதியிற் பதிவைக்கப்பட்டுள்ளது என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய வினா.

4. கரம்பொன்னிலிருந்து உரோமைக்கும் அப்பாலும்

ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் 1913 இற் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். முப்பதுகளில் அவர் குருத்துவக் கல்வி பயின்றது உரோமையின் ஊர்பன் கல்லூரியில். விசுவாசப் பரப்பல் பேராயத்தைச் சார்ந்து 1627 இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. பிரசாரம் என்ற ஐரோப்பியச் சொல்லின் பிறந்தகத்திலேயே தீவக மாணவர் ஒருவர் பயின்றார் என்பது நம் பொருளுக்கு வாய்த்த அரிய சான்றாகும்.

திரும்பி வந்த அவர் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திலே ஆசிரியப் பணி புரிந்த காலத்திற் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று சங்கப் பாடல்களின் இயற்கை பற்றி ஆராய்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 இற் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கு முன்னின்று, 1966 இற் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார். தம் பயணங்களைப் பற்றிய நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘தமிழ்த்தூது’ என்பதாகும். பரப்பல் என்ற சொல்லைத் தம் கல்லூரியிலேயே நன்கறிந்த ஒருவர் தூது என்பதைத் தேர்ந்தமை கருதத்தக்கது. தூதுவன் கேட்போனின் அவையிலே நின்று பேசுபவன். அவனது விடையைக் கொண்டு மீள வேண்டியவனும் ஆவான். பரப்புவோனுக்கு விடை தேவையில்லை.

அவரது ஆய்வுகளிலே மிகப் பயன்தந்த பகுதிகளுள் ஒன்று பழைய மிஷன் நூல்களை மீட்டெடுத்தமை. உரோம எழுத்திலே தமிழ் அச்சேறிய 1554 ஆம் ஆண்டு லிஸ்பன் ‘கார்த்தில்யா’, கொல்லத்தில் 1578 இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஆகியவற்றின்பால் அவர் அறிஞருலகின் கவனத்தைத் திருப்பினார். 1679 இல் அச்சேறிய புரோவென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மறுபதிப்புச் செய்தார். விசுவாசம் பரப்ப எழுந்த நூல்கள், நான்கு நூற்றாண்டுகளின் பின் தமிழ் மொழி வரலாற்றின் ஆவணங்களாயின. பரப்பியது ஒன்று, பதிந்தது வேறொன்று என்று மேலே கண்ட உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது.

எனினும் முற்போக்கு நோக்கில் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் முறையன்று. மாநாடு என்னும் வடிவம் அகலத்தை விரும்புவது. பழம்பெருமை கடல்கடந்து செல்லும் வேகத்தில், இன்றைய தமிழ் மக்களின் வாழ்வு பற்றிய ஆய்வு செல்லவில்லை. மாநாட்டு மேடையின் மொழி ஆய்வின் மொழியிலிருந்து விலகிப் பெருமிதத்தின் மொழியாகும் ஆபத்தும் இருந்தது. மறுபுறத்தில், நான்காம் மாநாடு 1974 இல் யாழ்ப்பாணத்திலே நடந்தபோது, சனவரி 10 ஆம் நாள் இறுதிப் பொதுக்கூட்டத்திற் பொலிசார் தலையிட்டதைத் தொடர்ந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். கோலாலம்பூரிலும் பாரிசிலும் ஆராய்ச்சி எனப்பட்டது சொந்த ஊரிலே ஐயத்துக்குரியதாயிற்று. ஒரு செயலுக்கு எப்பெயர் இடுவது என்பதை அதிகாரம் தீர்மானிக்கும் என்பதற்கு அந்நாள் கொடிய சான்றாகும்.

5. நன்னீர்க் கிணறு

இனித் தொடக்கத்திற் கூறிய வாதத்திற்கு மீள்வோம். பிரசாரம் என்ற குற்றச்சாட்டு முற்போக்கு எழுத்தின்மீது சுமத்தப்பட்டபோது அதனை வெளியிலிருந்து கூறியோர் பலர். ஆனால் மிக ஆழமான வினாக்களை எழுப்பியவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973). ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் அவரது விமர்சனத் தொடர் முற்போக்கு அணியின் சாதனைகளையும் வரம்புகளையும் கடுமையாக எடைபோட்டது. அவரது ஆத்மீக நோக்கை ஏற்காதோர் அவரை மறுத்து எழுதினர். அவரும் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். அவ்வாதங்களின் விவரம் இங்கு வேண்டியதில்லை. வேண்டியது வேறு.

சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் நிறைவேறியது. வர்த்தமானியில் வந்தது, மேடைகளிற் பேசப்பட்டது, கதைகளில் எழுதப்பட்டது. சமத்துவம் என்ற கருத்து பரப்பப்பட்டது என்பதில் ஐயமில்லை. சுண்ணக்கல் நிலத்தின் உள்ளே மெல்லிய நன்னீர்ப் படையை மட்டும் கொண்ட தீவகத்தில், உவர்நீர்க் கிணறு பல. நன்னீர்க் கிணறு சில. அச்சில கிணறுகளில் யார் வாளியை இறக்கலாம் என்பதே அங்குச் சாதியின் நடைமுறைப் பொருள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 1971 இல், புங்குடுதீவு நன்னீர்க் கிணறொன்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. தளையசிங்கம் அதிலே பங்குகொண்டு பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். இரண்டாண்டின் பின் காலமானார்.

பதினான்கு ஆண்டுகள் பரப்பப்பட்ட கருத்து கிணற்றடியிற் பதியவில்லை. முற்போக்கு எழுத்தாளர் சிலருக்கு ‘ஆத்மீகவாதி’யாய்த் தோன்றிய ஒருவரே அதனைப் பதிவைக்க அங்குச் சென்று நின்றார். நமது அணியினர் இதனை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அதே நேர்மையோடு இன்னொன்றையும் கூறவேண்டும். கிணற்றடிக்குச் சென்றோரும் அவருக்கு முன் தேநீர்க்கடை வாயில்களிலும் கோயில் வாயில்களிலும் நின்றோரும் தம் உரிமையை உரிமையென்று கூறத் துணிந்ததற்கு, பிரசாரம் என்று பழிக்கப்பட்ட துண்டுப்பிரசுரங்களும் சிறுகதைகளும் வெளிவந்த காலமே சூழலாயிருந்தது. தாய்ச்செடியின் சாறு இல்லாமற் கிளை வேர்விடாது. எனவே பிரசாரம் தேவையற்றது என்பது நம் முடிபன்று. அது பாதி வேலை என்பதே முடிபு.

தளையசிங்கத்தின் நூலொன்றின் பெயர் ‘போர்ப்பறை’. பறை என்பது கருவி. பறைதல் என்பது சொல்லுதல். அரசாணையையும் சாவுச் செய்தியையும் ஊரெங்கும் பரப்பிய பழந்தமிழ்ச் சாதனம் பறையே. அப்பறையை அறைந்தோரின் வழிவந்தோருக்கே ஊர்க்கிணறு மறுக்கப்பட்டது. அவர் கையாற் செய்தியைப் பரப்புவித்த சமுதாயம் அவர் கைபட்ட நீரைத் தீட்டென்றது. பரப்பல் என்னும் சொல்லின் வரலாற்றை எழுதுவோர் யார் பரப்பினர் என்பதோடு, யாரைக்கொண்டு பரப்பினர் என்பதையும் எழுதவேண்டும்.

6. பரம்பல்

1990 ஐ அடுத்த ஆண்டுகளிற் போர் தீவக மக்களைப் பெருந்தொகையாகப் பெயர்த்தது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006) ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுதியில் வெறுமையான ஊரைப் பாடுபொருளாக்கினார். இன்று தீவகத்தார் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்துள்ளனர். ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அங்கிருந்து கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் பொருளுதவுகின்றன. இதனைத் தமிழ் உலகெங்கும் பரவிவிட்டது என்று மகிழ்ந்து கூறுவோர் உளர். பரவியது உண்மை. புதிய மண்ணிலே அது வேர்விடுகின்றதா, அன்றித் தாய்மரத்தின் சாற்றை மட்டும் நம்பியுள்ளதா என்பதே வினா. கடல்கடந்த நகரங்களிற் கட்டப்படும் கோயில்களின் எண்ணிக்கை இதற்கு விடையாகாது. அங்குப் பிறந்த பிள்ளை தன் கோபத்தையும் தன் காதலையும் எம்மொழியிற் கூறுகின்றது என்பதே விடையாகும். அதுபோலவே கிணற்றடியில் விடப்பட வேண்டிய சாதியுணர்வும் விமானமேறிச் சென்று அங்குப் பதியம் போட்டுள்ளதா என்பதையும் கேட்டேயாக வேண்டும். வேண்டாத செடியும் பதிவைத்தால் வளரும்.

ஆகவே, ஒரு கருத்தையோ நூலையோ இயக்கத்தையோ எடைபோடும்போது அது எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கோடு விமர்சகனின் கடமை முடிந்துவிடாது. யாருடைய மண்ணில், யாருடைய கையால், எந்தத் தேவையோடு பிணைக்கப்பட்டு அது ஊன்றப்பட்டது என்பதையும், தாய்க்கிளையை வெட்டியபின் அது தானாக நிற்கின்றதா என்பதையும் அவன் நோக்கவேண்டும். பிரசாரம் என்று எழுதித் தள்ளுவதற்கு முன்னரும், எல்லாம் பிரசாரமே என்று தோளைத் தட்டிக்கொள்வதற்கு முன்னரும், இரு சாராரும் ஒருமுறை அக்கிணற்றடிவரை சென்று வருதல் நன்று.